இவருக்குப் பதில் இவர்

சீரியல்காரர்களுக்கு இது சுலபம். நடிகைக்குக் கல்யாணம் ஆகிவிட்டாலோ, சம்பளத் தகராறில் விலகிவிட்டாலோ, திரையின் கீழே “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. அடுத்த காட்சியில் புது முகம் அதே சேலையைக் கட்டிக்கொண்டு அதே மாமியாருக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கும். நாமும் ரெண்டு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிவிடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆர்.பி.ஜி. விளையாட்டு மேசையில் நிலைமை தலைகீழ். ஆள் அப்படியே உட்கார்ந்திருப்பார், அதே நாற்காலியில், அதே தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டு. செத்துப்போனது அவருடைய பாத்திரம். அவரை எப்படித் திரும்பக் கதைக்குள் கொண்டுவருவது?

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கதையை நடத்த ஒருவர், அவரை டி.எம்., அதாவது டன்ஜன் மாஸ்டர், என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டினால், நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் கூட்டத்தில் டி.எம். நான்தான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு ஆரம்பிப்போம். பாத்திரங்களின் ஷீட்டெல்லாம் கடை மெஷினிலேயே அச்சாகிவிடும், அதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை. பகடை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது என்று அம்மாவின் பழைய முறத்தில் உருட்டுகிறோம். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் சித்தி பையன், புதுச்சேரியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் அக்கா, முதுநகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி. இவ்வளவுதான் கூட்டம்.

கதை நடப்பது 1748இல், இதே ஊரில். எல்ஃபும் வேண்டாம் டிராகனும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். விதிகள் மட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்.பி.ஜி.யின் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது. உள்ளூரில் இருக்கும் சரக்கு போதாதா என்ன? 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கும்போது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலம் தனக்கு என்று பேசி வாங்கியது. குண்டு உப்பலவாடி என்ற பெயரை பஸ்ஸில் கேட்டுவிட்டு அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம், அதன் பின்னால் இருக்கும் கதை இதுதான். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும், இந்தப் புனித டேவிட் கோட்டைதான் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் ஆயிற்று. சென்னையிலிருந்து தப்பி ஓடிவந்த ராபர்ட் கிளைவ் என்ற கம்பெனி எழுத்தரும் இங்கேதான் வந்து சேர்ந்தார். எங்கள் கதையில் அவர் கோட்டை வாசலில் கடுகடுவென்று நிற்பார், யாரும் கண்டுகொண்டதில்லை. அந்தப் பக்கம் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே, அவருடைய துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆனந்தரங்கப் பிள்ளை. பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்கி 1761 வரை போகிறது. கதைக்கு எங்கேயாவது வழி அடைத்தால் அதைத்தான் புரட்டுவேன். எங்கள் பார்ட்டி, அதாவது பாத்திரங்களின் கூட்டம், இரண்டு ஊருக்கும் நடுவே துணி வியாபாரிகளின் ரகசியக் கடிதங்களைக் கொண்டுபோகும் கோஷ்டி. ஆகஸ்டில் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகை போட வரப்போகிறார். அது மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பிரெஞ்சு அக்காவுக்கும் தெரியும்.

சித்தி பையனின் பாத்திரம் வீரபத்திரன், கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த சிப்பாய். கெடிலத்தின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மழை ராத்திரியில், மற்ற மூவரும் ஓடத்தில் ஏறும்வரை அவன் மட்டும் கரையில் நின்று துரத்தி வந்தவர்களைத் தடுத்தான். ஹெச்.பி., அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யத்துக்கு வந்தது. இந்தப் பதிப்பில் பூஜ்யம் வந்தவுடன் சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10க்கு மேல், 10 உட்பட, வந்தால் தேறியது ஒன்று. கீழே வந்தால் போனது ஒன்று. மூன்று தேறினால் பிழைப்பான், மூன்று போனால் முடிந்தது. முதலில் 7. அடுத்து 14. மூன்றாவதை அவன் முறத்தில் விடாமல் கையிலேயே குலுக்கிக்கொண்டிருந்தான். “போடுடா”ன்னு மெக்கானிக் அண்ணன் அதட்டினார். விழுந்தது 1. ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு.

உயிர்ப்பிக்கும் மந்திரங்கள் விதிப் புத்தகத்தில் உண்டு. ரிவிவிஃபை என்று ஒன்று, செத்த ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், 300 பொன் பெறுமான வைரம் அதில் கரைந்துபோகும். எங்கள் கதையில் மந்திரம் கொஞ்சம் உண்டென்றாலும் இந்த ரகத்தை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டோம். செத்தவர் செத்தவர்தான்.

அன்றைக்கு மணி நாலுகூட ஆகவில்லை. ஆறரை வரை ஆட்டம் இருக்கிறது. செத்தவனை அதுவரை போனை நோண்டிக்கொண்டு உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது பூஜ்யம் வந்தால் சாவு, அவ்வளவுதான். ஆனால் புது ஆள் செய்வதும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆறுமுகப் பகடை மூன்றை ஆறு தடவை உருட்டி, ஒரு பெயர் வைத்து, வாங்கிய கத்தியையும் கயிற்றையும் எழுதிக்கொண்டால் தயார். நாங்கள் ஆடும் பதிப்பில் ஐந்தாம் லெவல் ஆள் ஒன்றைச் செய்ய எனக்கே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் “ஓடக்காரன், ஹெச்.பி. 4, நீச்சல் தெரியும், பயந்தாங்கொள்ளி” என்று எழுதி அவன் பக்கம் தள்ளினேன். அடுத்த இரண்டு மணி நேரம் அந்த நாலு ஹெச்.பி.யை வைத்துக்கொண்டு அவன் அடித்த கூத்து இருக்கிறதே, துடுப்பைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்று முருகன்மேல் சத்தியம் செய்துவிட்டு, துரத்தி வந்த படகைத் துடுப்பாலேயே கவிழ்த்தான். வீரபத்திரன் போன துக்கத்தை எல்லோரும் கொஞ்ச நேரம் மறந்தே போனோம்.

அந்த வாரம் சித்தி பையன் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தான்.

“அக்கா, புது கேரக்டர் ரெடி. வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன், பாரு.”

பார்த்தேன். நாலு பக்கம். மாஹேயில் பிறந்து, பிரெஞ்சுக் கப்பலில் தீவு தீவாகச் சுற்றி, பீரங்கி வேலை கற்று, காதலியைப் பறிகொடுத்து, பழிவாங்கப் புறப்பட்ட ஒருவன். நன்றாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அந்த நாலு பக்கத்தில் நம் கூட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்படிப்பட்ட ஆளை எங்கே வைத்து அறிமுகம் செய்வது? இருக்கவே இருக்கிறது சாராயக்கடை மூலை, முக்காடு போட்ட அந்நியன். இல்லையென்றால் அடுத்த அறையில் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கும் கைதி, “காப்பாற்றினீர்கள், இனி உங்களோடு வருகிறேன்.” இதெல்லாம் ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் முந்தாநாள்வரை ஓடக்காரனைக்கூட நம்பாமல் கூலியைப் பாதிதான் கொடுத்த கூட்டம், இவனை மட்டும் பார்த்த மாத்திரத்தில் ரகசியக் கடிதத்துக்குக் காவல் வைக்கும். ஏன்? இவன் சித்தி பையன் ஓட்டும் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால். அந்தப் பொய்யான சேர்க்கை எனக்கு உறுத்தும். இன்னொரு வழி, செத்தவனின் இரட்டைச் சகோதரன். ஷீட்டில் பெயரை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டு வருவது. நம் சினிமாவில் இதற்குப் பெரிய பாரம்பரியமே இருந்தாலும் என் மேசையில் தடை.

“டேய், பின்கதையெல்லாம் அப்புறம். நம்ம கதையில இதுவரைக்கும் வந்த ஆளுங்கள்ல உனக்கு யாரைப் புடிக்கும்?” என்று கேட்டேன்.

“அப்படின்னா?”

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. பார்ட்டி போகும் வழியில் தட்டுப்படும் ஒவ்வொருவரையும் இரண்டு வரியில் அதில் எழுதிவைப்பேன். உப்பனாற்றங்கரையில் உப்பு விற்கும் அஞ்சலை. தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்களுக்குத் துணி பிடித்துக் கொடுக்கும் தரகர். சுங்கச்சாவடியில் லஞ்சத்தை வெற்றிலையில் மடித்து வாங்கும் ஆள். பாதிப்பேரை ஒருமுறை பார்த்ததோடு சரி. போனிலேயே ஒவ்வொன்றாக வாசித்தேன். “இரு, இரு, அந்தக் கூத்துக்காரன்”னு நிறுத்தினான்.

யார் அந்தக் கூத்துக்காரன் என்பதைச் சொல்லியாக வேண்டும். கோட்டைப் பக்கத்து முகாமுக்குள் நுழைய எங்கள் பார்ட்டி கூத்து ஜமா வேஷத்தில் போனது. அதற்கு ஒரு ஜமாவிடம் வேஷப் பெட்டியை இரவல் வாங்கினார்கள். அந்த ஜமாவின் கட்டியங்காரன், கூத்தை நடத்திப்போகும் கோமாளி, கொடுக்கவே மாட்டேன் என்றான். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்த சாமான்கள். ஒரு மழையில் நனைந்தால் போச்சு. வீரபத்திரன்தான் பௌர்ணமிக்குள் திருப்பித் தருவதாகக் கையில் அடித்துச் சத்தியம் செய்து வாங்கிவந்தான். வேலை முடிந்ததும் பெட்டி ஒரு மூலைக்குப் போயிற்று. அதிலிருந்த துரியோதனன் கிரீடத்தைக் காலேஜ் தம்பியின் பாத்திரம் பரங்கிப்பேட்டையில் ஒரு வியாபாரிக்கு விற்றே விட்டது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் இருக்கிறது.

ஆக, கூட்டத்தில் சேர அந்தக் கட்டியங்காரனுக்கு நான் காரணம் தேட வேண்டியதில்லை. அவன் பொருள் இவர்களிடம் இருக்கிறது. வாக்கு கொடுத்தவன் செத்துவிட்டான். வந்துதானே ஆக வேண்டும்?

பாத்திர வகை என்று பார்த்தால் பார்டுதான், பாட்டாலும் பேச்சாலும் மந்திரம் போடுகிறவன், அதில் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விஷியஸ் மாக்கரி என்று பார்டுக்கு ஒரு சின்ன மந்திரம் உண்டு. எதிரியை வாயால் திட்டினாலே நாலுமுகப் பகடையில் சேதம், ஐந்தாம் லெவலில் இரண்டு பகடை. திட்டு வாங்கியவன் அடுத்து ஓங்கும்போது கை தடுமாறும். ராஜா வேஷம் கட்டியவனை ராத்திரி பூரா சபையில் வைத்து வாரும் கட்டியங்காரனுக்கென்றே எழுதியது போலிருந்தது. லெவலும் மற்றவர்களோடு சமமாகவே கொடுத்தேன். புது ஆள் ஒன்றாம் லெவலிலிருந்துதான் ஏறிவர வேண்டும் என்று சிலர் கறாராக இருப்பார்கள். துப்பாக்கி புழங்கும் கதையில் அது சரிவராது. மஸ்கட் துப்பாக்கியின் குண்டுக்குப் பன்னிரண்டு முகப் பகடை. ஒன்றாம் லெவல் பார்டுக்கு 9 ஹெச்.பி. என்றால் ஒரே குண்டில் விழுந்துவிடுவான், நாம் மறுபடி நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதே ஆள் ஐந்தாம் லெவலில் 33.

அடுத்த ஞாயிறு, முதலில் வீரபத்திரனின் காரியம். கதையில் பதினாறு நாள் தள்ளிவைத்தேன். அவன் அம்மா வீடு கரையேறவிட்டகுப்பத்தில். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியதாகச் சொல்லும் அதே இடம்; சித்தி பையன் தன் பாத்திரத்துக்கு இந்த ஊரை ஏன் எடுத்தானோ, இவனுக்கு மட்டும் ஆறு வழிவிடவில்லை. பிரெஞ்சு அக்காவின் பாத்திரம் அந்த அம்மாவிடம் அவன் சாவைப் பற்றி வாய்கூசாமல் ஒரு பொய் சொன்னது, வலியில்லாமல் போனான் என்று. அவனுடைய மஸ்கட்டை அம்மாவிடம் கொடுத்தார்கள். விதிப் புத்தகத்தில் அதன் விலை 500 பொன். காலேஜ் தம்பி இரண்டு முறை அதை நினைவுபடுத்திப் பார்த்தான், அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டான். செத்தவன் சாமான் புது ஆளுக்குப் போகாது என்பது எங்கள் வழக்கம். போனால் பெயர் மாறிய வீரபத்திரனாகத்தான் இருக்கும்.

இலை போட்டாயிற்று என்று நான் சொன்னவுடன் மெக்கானிக் அண்ணன் எழுந்து, கொடியில் கிடந்த என் அப்பாவின் வேட்டியை எடுத்தார். அவர் தாத்தா பண்ருட்டிப் பக்கம் கூத்தில் மத்தளம் அடித்தவர். தம்பியை ஒரு முனை பிடிக்கச் சொல்லி, தான் ஒரு முனை பிடித்து, திரை கட்டிவிட்டார். சித்தி பையன் பின்னால் போய் நின்றான். கூத்தில் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு வேஷத்தையும் யார், எந்த ஊர், என்ன காரியம் என்று கேட்டு வாங்குகிறவன் கட்டியங்காரன். அவனே வந்து நின்றால் கேட்பதற்கு ஆள் ஏது? மிச்சம் இருந்த மூன்று பேர்தான் கேட்க வேண்டும். நான் வாயே திறக்கவில்லை.

“யாருய்யா நீ, சாவு வீட்ல வந்து மறைஞ்சு நிக்கிறது?” என்றார் அண்ணன்.

“சாவு வீடுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். செத்தவரு எனக்கு ஒரு பெட்டி தரணும்.”

தம்பி பிடித்திருந்த முனை லேசாக இறங்கியது. “என்ன பெட்டி?”

“பச்சைப் பெட்டி. கிரீடம் மூணு, புஜக்கட்டை ரெண்டு ஜோடி, மார்ப்பதக்கம் ஒண்ணு. பௌர்ணமிக்குள்ளன்னு கையில அடிச்சுக் குடுத்தாரு. ரெண்டு பௌர்ணமி போயிடுச்சு.”

“இலை போட்டிருக்கு. கடனைக் கேக்கற நேரமா இது? உக்காந்து சாப்பிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்றார் அக்கா, முழுக்கப் பாத்திரத்துக்குள் போய்.

“சாப்பிடறேம்மா. சாப்பிட்டதும் எண்ணிப் பாப்பேன். மூணு கிரீடம் இருக்கணும்.”

வேட்டி கீழே விழுந்தது. தம்பி கையை விட்டுவிட்டான், பயத்தில் விட்டானா சிரிப்பில் விட்டானா தெரியவில்லை. “டேய், உன் கடனை நீயே வசூல் பண்ண வந்திருக்கியாடா!” என்று அண்ணன் போட்ட சத்தம் கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

பெட்டியில் இரண்டு கிரீடம்தான் இருந்தது. மூன்றாவது எங்கே என்று தெரியும்வரை உங்களை விட மாட்டேன் என்று கட்டியங்காரன் கூடவே கிளம்பிவிட்டான். இவர்களால் விரட்டவும் முடியவில்லை. முகாமுக்குள் வேஷம் போட்டு நுழைந்தது யார் என்பது ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எல்லாமே சுமுகமாகப் போய்விடவில்லை. அக்காவின் பாத்திரம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வீரபத்திரன் இடத்தில் படுத்தான் என்று பாயை நகர்த்திப் போட்டது. நான் குறுக்கே போகவில்லை. பழகிக்கொள்ளுங்கள் என்று டி.எம். சொல்லிப் பழகுவது ஒரு பழக்கமா? இன்னொரு சிக்கல், வீரபத்திரன் ஒரு கடிதத்தைத் தலைப்பாகைக்குள் வைத்துத் தைத்திருந்தான். அது சித்தி பையனுக்குத் தெரியும், கட்டியங்காரனுக்குத் தெரியாது. மற்ற மூவரும் வீட்டையே புரட்டித் தேடும்போது அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முறத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது பார்க்கவே பாவமாக இருந்தது. தலைப்பாகை இன்னும் அந்த அம்மா வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. இதை இங்கே எழுதலாமா என்று அவர்களிடம் கேட்கவில்லை. அண்ணன் என் பதிவுகளைப் படிப்பதில்லை, மற்ற இருவரும் படித்தால் படித்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

புது ஆளுக்குப் பழைய கதையைச் சொல்ல வேண்டி வந்ததில் ஒரு லாபம். ஓடத்துறையில் என்ன நடந்தது என்று கட்டியங்காரன் மூவரையும் தனித்தனியாகக் கேட்டான். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் சொன்னவர்தான் கடைசியாக ஓடத்தில் ஏறியவர்.

வெளியே படித்தவரையில் இந்தப் பிரச்சினைக்கு ஒவ்வொரு விளையாட்டும் ஒரு வழி வைத்திருக்கிறது. 1984இல் வந்த பாரனோயாவில் ஆளுக்கு ஆறு நகல், ஒன்று செத்தால் அடுத்தது வந்து இறங்கும். யாரும் அழ மாட்டார்கள், அழுதால் அதுவே ராஜத்துரோகம் என்று சுட்டாலும் சுடுவார்கள். டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸில் ஆரம்பத்திலேயே ஒவ்வொருவரிடமும் மூன்று நாலு விவசாயிகளைக் கொடுத்துப் பொறியில் தள்ளிவிடுவார்கள், பிழைத்து வருகிறவர்தான் உங்கள் நாயகர். எனக்கு இதில் இரண்டாவது பிடித்திருக்கிறது. ஆனால் வீரபத்திரனுக்குக் காரியம் செய்த கூட்டத்திடம் மந்தையைக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் பதினாறாம் நாள் கேட்பார்கள்.

இப்போது என் மேசையில் ஒரு மாற்றம் தெரிகிறது. போகிற வழியில் தண்ணீர் கொடுத்த பெண்மணிக்குக்கூடப் பெயர் கேட்கிறார்கள். சுங்கச்சாவடி ஆளிடம் அண்ணன் குடும்பம் குட்டியெல்லாம் விசாரித்தார். ஓடக்காரனின் பாதிக் கூலி பாக்கியைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். போன வாரம் காலேஜ் தம்பியின் பாத்திரம் ஹெச்.பி. 6இல் ஒரு கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அவன் மெல்லக் கேட்டான்: “அக்கா, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்களேன், சும்மா பாத்துட்டுத் தரேன்.” அஞ்சலையைத் தான் ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டதாக அண்ணன் சண்டைக்கு வந்தார். பிரெஞ்சு அக்கா கிளைவைக் கேட்டார். அவர் மட்டும் யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.